வெள்ளிக்கிழமைகளில் ஆறரை மைல்

திருகோணமலை மாவட்டத்தில் ஆதம்பாவாவின் தூரிகை படாத இடங்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று துறைமுகத்து வெளிச்சவீட்டின் உச்சி, மற்றது தம்பலகாமத்துக் காட்டு யானையின் முதுகு. யானையிடமும் ஒருமுறை போய்க் கதைத்துப் பார்த்தான், அது சம்மதிக்கவில்லை. சரி, இது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். சொல்கிறவளுக்கும் அது தெரியும். கூட்டியதையெல்லாம் கழித்தாலும் கிண்ணியா, மூதூர், திருகோணமலைப் பட்டினம் என்று நாற்பது ஐம்பது இடங்கள் மிஞ்சும். ஒரு மனிதனின் ஒரு கைக்கு அது போதாதா? அவற்றில் முக்கால்வாசியை எழுதும்படி யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அவனாகவே போய், இந்த இடத்தில் இப்படி எழுதினால் என்ன என்று கேட்டு எழுதியவை. இதில் கூட்டல் ஒன்றும் இல்லை.

ஆதம்பாவா கிண்ணியாவில் பிறந்தவன். சுதந்திரம் கிடைத்ததற்கு அடுத்த வருடம், பதினாறு வயதில், வெள்ளைக்காரனின் கடற்படைத் தளத்தில் பெயின்ற் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தான். எட்டு வருடம் அடித்தான். எட்டு வருடமும் ஒரே நிறம், சாம்பல். கப்பல் சாம்பல், படகு சாம்பல், வாளி சாம்பல், வேலை முடிந்து குளித்தால் ஓடுகிற தண்ணீரும் சாம்பல். கப்பலின் பக்கத்தில் இலக்கம் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வெள்ளை நிறம் கொடுப்பார்கள். அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், அவர்கள் கீறி வைத்த கோட்டின்மேல் இவன் விரலை ஓட்டிப் பார்ப்பான். எழுத்துக்கு வயிறு எங்கே, இடுப்பு எங்கே, எந்த இடத்தில் கை மூச்சு வாங்க வேண்டும் என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தான். ஐம்பத்தேழில் தளத்தைக் கொடுத்துவிட்டு வெள்ளைக்காரன் போனபோது, வேலை போய்விட்டதே என்று ஊரில் பலர் தலையில் கைவைத்தார்கள். ஆதம்பாவா போய் ஒரு பேணி சிவப்பு வாங்கினான்.

அதற்குப் பிறகு பதினொரு வருடம் எழுத்துத்தான் பிழைப்பு. மாட்டு வண்டிக்கு இலக்கம், தோணிக்குப் பெயர், வாடகைச் சைக்கிளின் பின் மட்காட்டில் கடைக்காரரின் பெயர். எல்லாம் உள்ளங்கை அகல வேலை. பட்டினத்தில் பெரிய பலகைகள் இருந்தன. அவற்றை எழுதுகிறவர்கள் வேறு ஊர்களிலிருந்து வந்தார்கள். அந்தக் காலத்து வழக்கம் ஒன்று உண்டு. தொழில்காரன் என்றால் கூப்பிட்டால் போக வேண்டும். கூப்பிடாமல் ஒரு கடைப்படியில் ஏறினால், ஆளுக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அர்த்தம். ஆதம்பாவாவும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தான். வாசலில் மாட்டு வண்டிதான் வந்தது.

அறுபத்தெட்டாம் ஆண்டு நோன்பு மாதம் தொடங்கியபோது வந்தது வண்டியல்ல, மச்சான். மனைவி றுக்கியா காக்கா என்று கூப்பிடும் தமையன் கலீலுர் றஹ்மான் கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையில் களஞ்சியம் பார்த்தவர். மாசிமாதம் முதலாம் தேதியிலிருந்து ஆதம்பாவாவுக்கு அங்கே பெயின்ற் அடிக்கும் வேலை என்று கடிதமே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மாதச் சம்பளம், தங்குவதற்கு அறை, வருடத்தில் இரண்டு காற்சட்டை. ஆதம்பாவா கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"என்ன நிறம் மச்சான்?"

"பச்சை."

"வேற?"

"வேற என்ன வேற? குழாயெல்லாம் பச்சைதான். குழாய் மைல் கணக்கில இரிக்கி, பயப்படாதீங்க."

பயம் அதுதானே. சாம்பலிலிருந்து தப்பி வந்தவனைப் பச்சைக்குள் தள்ளப் பார்க்கிறார்கள். மச்சான் போனபிறகு அவன் நோன்பு திறந்த கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான். றுக்கியா விடயத்தை அதிகம் இழுக்கிறவள் அல்ல. அவளுக்கு மாதச் சம்பளம் பிடிக்கும், மனிதனின் முகமும் பிடிக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு கோடு போட்டாள்.

"முதலாந் தேதிக்குள்ள பெரிய இடத்து வேல ஒண்டு புடிச்சிட்டீங்க எண்டா, காக்காட்ட நான் செல்லிக்கிறன். இல்லாட்டி பச்சைதான்."

மறுநாளே அவன் பட்டினத்துக்குப் புறப்பட்டான், கூப்பிடாத இடத்துக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக. ஜவாஹிர் முதலாளியின் துணிக்கடைப் பலகை வெயிலில் வெளுத்து, கடைக்குப் பெயரே இல்லாததுபோல் கிடந்தது. அதைப் புதிதாக எழுதலாம், எழுத்துக்கு நிழல் வைத்து எழுதினால் மணிக்கூண்டடியிலிருந்தே தெரியும் என்று சொல்வதற்குத் தொண்டையைச் சரி செய்துகொண்டு படியேறினான். ஆனால் நோன்பு மாதம், துணிக்கடை, கூப்பிடாமல் வந்து தயங்கித் தயங்கி நிற்கிற மனிதன். முதலாளி நல்ல மனிதர். முகத்தைப் பார்த்தார், மேற்கொண்டு ஒரு சொல் பேசவிட்டு அவனை வெட்கப்படுத்தக் கூடாது என்று நினைத்தார். உள்ளே ஒரு பார்வை பார்த்தார். இடுப்பில் உடுக்கிற சாரம் ஒன்று கடதாசியில் சுற்றப்பட்டு ஆதம்பாவாவின் கைக்கு வந்துவிட்டது. ஸகாத்து. வேலை கேட்கப் போனவன் தர்மம் வாங்கிக்கொண்டு படியிறங்கினான். திருப்பிக் கொடுத்தால் கொடுத்தவர் மனம் நோகும், வைத்துக்கொண்டால் இவன் மனம் நோகும். கடைசியில், பாதையில் வேலை செய்கிற ஒரு ஏழைக் கிழவருக்கு அதைக் கொடுப்பது என்று முடிவு செய்துகொண்டு கரைக்கு வந்தான்.

பாதை என்றால் என்ன என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லிவிட வேண்டும், இந்தக் கதை முழுவதும் அதன்மேல்தான் மிதக்கிறது. லொறி, வண்டி, ஆள், ஆடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு களப்பைக் கடக்கும் தட்டையான பெரிய மிதவைக்கு நமது பக்கத்தில் பாதை என்று பெயர். கிண்ணியாவுக்கும் பட்டினத்துக்கும் நடுவில் கால் மைல் தண்ணீர். பாதை இந்தக் கரையில் இருந்தால் நாம் அதிர்ஷ்டசாலி. பெரும்பாலும் அது அந்தக் கரையில்தான் இருக்கும்.

அன்றும் அப்படித்தான். ஒரு கூட்டம் காத்து நின்றது. கரையில் வாசிப்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு பலகைதான் இருந்தது: 'பாதையில் துப்பக் கூடாது.' அதில் 'து'வின் வால் உப்புக் காற்றில் உரிந்துபோய் 'பாதையில் தப்பக் கூடாது' என்று ஆகியிருந்தது. ஒருவர் அதைச் சத்தமாக வாசித்தார். பக்கத்தில் நின்றவர் சிரித்தார். இன்னொருவர் வந்தார், அவரும் வாசித்தார். அன்புவழிபுரத்திலிருந்து கிண்ணியாவுக்குப் பின்நேர வகுப்புப் படிப்பிக்கப் போகும் கமலேஸ்வரி ரீச்சர், தினமும் பார்க்கிற அந்தப் பிழையை அன்றும் ஒருமுறை வாசித்து அன்றும் ஒருமுறை முகம் சுளித்தார். ஆதம்பாவா சாரத்தை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு இதையெல்லாம் பார்த்தான். கடைக்கு மேலே கடையின் பெயரை எழுதுகிறார்கள். கடைக்கு வந்து சேர்ந்தவன் அதை ஏன் வாசிக்க வேண்டும்? இங்கே ஒரு சனம் கண்ணையும் நேரத்தையும் வைத்துக்கொண்டு, வாசிக்க ஒன்றும் இல்லாமல், துப்பாதே என்பதைக்கூட மூன்று தரம் வாசிக்கிறது.

ஜவாஹிர் முதலாளியிடம் அவன் சொல்லப் போனது தனக்கு வேண்டியதை. முதலாளிக்கு என்ன வேண்டும் என்று அவன் யோசிக்கவேயில்லை. இந்தப் பிழை அவனுக்கு அந்தக் கரையிலேயே பிடிபட்டது. பிடிபட்டபோது மழையும் பிடித்தது.

கரையில் கூரை கிடையாது. சனம் கையில் அகப்பட்டதைத் தலையில் கவிழ்த்தது. சாக்கு, வாழையிலை, மீன் கூடை, கமலேஸ்வரி ரீச்சரின் தலையில் நாலாம் வகுப்புக் கொப்பிகள். ஆதம்பாவா எண்ணத் தொடங்கினான். அடுத்த ஒரு கிழமை முழுவதும் அவன் வேலைக்குப் போகவில்லை, கரையில் இருந்து எண்ணினான். ஊரில் கதை பரவியது: ஆதம்பாவாவுக்கு வேலை இல்லையாம், நோன்பும் பிடிக்கிறானாம், தலை கொஞ்சம் சுற்றுகிறதாம். அவன் கணக்கோ தெளிவாக இருந்தது. பாதை ஒரு நாளைக்கு இருபத்தெட்டு முறை கடக்கிறது. ஒவ்வொரு முறையும் ஐம்பது அறுபது பேர் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நூறு பேருக்குப் பதினொரு குடை. பதினொன்றில் நாலு கம்பி முறிந்தது.

முதலில் பாதையை மேற்பார்வை செய்கிற ஓவசியர் ஸைனுலாப்தீனிடம் போனான். இந்தமுறை தனக்கு வேண்டியதைக் கேட்கவில்லை. ஓவசியருக்கு ஒரு தலையிடி இருந்தது. எத்தனை வண்டி ஏற்றலாம் என்பதில் நாள்தோறும் சண்டை, பழைய அறிவித்தல் அழிந்துபோனதால் ஆளாளுக்கு ஒரு சட்டம் சொன்னார்கள். ஆதம்பாவா அந்தச் சட்டத்தைச் சிவப்பில், ஒரு முழ உயரத்தில் சும்மா எழுதித் தருவதாகச் சொன்னான். 'து'வுக்கு வாலும் வைத்துத் தருவானாம். பதிலுக்கு, பாதையின் இரு பக்கக் கம்பி வேலியிலும் பலகை கட்டலாமா என்று மேலிடத்துக் கந்தோரில் ஓவசியர் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஓவசியர் கேட்டார். மேலிடம், பாரம் கூடாத பலகையென்றால் கட்டலாம் என்றது.

பிறகு கொழும்புக்கு ஒரு கடிதம். அன்னம் மார்க் குடைக் கம்பனியின் விற்பனை முகாமையாளருக்கு. சாதாரணக் கடிதமல்ல. மெல்லிய தூரிகையால் எழுதிய கடிதம், ஒவ்வோர் எழுத்தும் கடைப்பலகை மாதிரி நிமிர்ந்து நின்றது. நூறு பேர், பதினொரு குடை, முறிந்த நாலு, வாழையிலை, கொப்பி எல்லாம் அதில் இருந்தன. முடிவில் இப்படி எழுதினான்: 'பாதையின் இரு பக்கமும் தங்கள் குடையைப் பற்றி எழுதித் தருவேன்.'

அந்த முகாமையாளர் பாக்கியரத்தினம் கொழும்பிலேயே பிறந்து, கொழும்பிலேயே வளர்ந்து, கொழும்பிலேயே குடை விற்றவர். அவருக்குப் பாதை என்றால் றோட்டு. பதில் பத்தாம் நாள் வந்தது. 'தங்கள் யோசனை கவனத்துக்கு எடுக்கப்பட்டது. பாதையின் இரு பக்கமும் எழுதுவதாகக் குறிப்பிட்டிருக்கிறீர். மொத்தம் எத்தனை மைல் என்பதை உடன் அறியத் தரவும்.'

ஆதம்பாவா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பாதைக்கு ஏது மைல்? றுக்கியாவிடம் கேட்டான். பெரிய கம்பனிக்காரர் எல்லாவற்றையும் அளந்துதான் காசு கொடுப்பார்கள், ஓடுகிற தூரத்தைக் கேட்கிறார்களாக்கும் என்றாள் அவள். நியாயமாகத்தான் பட்டது. கால் மைல், இருபத்தெட்டுத் தரம். ஆதம்பாவா நேர்மையான மனிதன், ஒரு அடிகூடக் கூட்டமாட்டான், இந்த விடயத்தில் இதைச் சொல்கிறவளைப் போல அல்ல. எழுதினான்: 'நாளொன்றுக்கு ஏழு மைல். வெள்ளிக்கிழமைகளில் ஆறரை மைல் மட்டுமே என்பதைத் தாழ்மையுடன் அறியத் தருகிறேன்.'

அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து சத்தமே இல்லை. பெருநாள் வந்து போனது. தை பிறந்தது. ஆதம்பாவா தன் கைப்பணத்தில் இரண்டு பலகை வாங்கி, வெள்ளை அடித்து, சிவப்பில் எழுதி, பாதையின் இரு பக்கமும் கட்டியும்விட்டான். றுக்கியா கந்தளாய்க்குப் போகும் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள். அவன் அதை எடுத்து உள்ளே வைத்தான். அவள் திரும்ப வெளியே வைத்தாள். தை இருபத்தெட்டாம் தேதி தந்தி வந்தது: 'நாளை வருகிறேன். பாதையைக் காட்டவும்.'

மறுநாள் காலை முதலாவது பாதையில் ஆதம்பாவா பட்டினக் கரைக்கு வந்து, வெள்ளைச் சேட்டுடன் காத்திருந்தான். பத்து மணிபோல் கம்பனிக் கார் வந்து, றோட்டு முடிந்து தண்ணீர் தொடங்குகிற இடத்தில் நின்றது. பாக்கியரத்தினம் இறங்கினார். பட்டினத்திலிருந்து அந்த இடம் வரைக்கும் காரின் இரண்டு யன்னலாலும் மாறி மாறிப் பார்த்து அவருக்குக் கழுத்து வலித்திருந்தது. பனை கண்டார், வேலி கண்டார், மாடு கண்டார். ஒரு எழுத்துக் காணவில்லை.

"ஐசே, நீர்தான் ஆதம்பாவாவோ?"

"ஓம் சேர்."

"ஏழு மைல் எண்டு எழுதினீர். இஞ்ச றோட்டே முடிஞ்சு தண்ணியாக் கிடக்கு. எங்க பாதை?"

"அங்கால நிக்கிது சேர். இப்ப வரும்."

பாக்கியரத்தினம் தண்ணீரைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

"பாதை வருமோ?"

"வரும் சேர். சில நேரம் பிந்தும்."

பாக்கியரத்தினம் ஓரடி பின்னுக்குப் போனார். பைத்தியக்காரரோடு மெதுவாகப் பேச வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். மெதுவாக, மிக்க நன்றி, மற்றதைத் தபாலில் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு, காரைத் திருப்பும்படி சாரதிக்குக் கையைக் காட்டினார். காரைத் திருப்ப ஏலாது. பின்னால் ஒரு செங்கல் லொறி, அதற்குப் பின்னால் மூன்று வண்டி, அதற்கும் பின்னால் பஸ். பாதைக்கு வரிசையில் நின்றால் பாதையில் ஏறித்தான் ஆக வேண்டும். ஆதம்பாவாவுக்கு அவர் தப்பி ஓடப் பார்ப்பது விளங்கியது, காரணம் மட்டும் விளங்கவில்லை. அவனுடைய கண்ணுக்கு முன்னால் பச்சைக் குழாய் ஒன்று நீளத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து மழை. தை மழை, சொல்லாமல் வந்து தலையிலடிக்கிற மழை. வழக்கம்போல் சாக்கும் இலையும் கூடையும் தலைகளுக்கு ஏறின. சாரதி ஓடிப்போய்க் காரின் பின்பெட்டியைத் திறந்து முகாமையாளருக்கு ஒரு குடை எடுத்தான். திறந்த பெட்டிக்குள் மாதிரிக்குக் கொண்டுவந்த இரண்டு டசின் குடைகள் கறுப்புக் கறுப்பாகப் படுத்துக் கிடந்ததை முழுக் கரையும் பார்த்தது. முதலில் ஒரு மீன்காரி வந்தாள். பாதையில் ஏறும்வரைக்கும் ஒன்று தாருங்கள் தம்பி என்றாள். கேட்ட விதத்தில் இல்லையென்று சொல்ல முடியாது. அவளுக்குப் பின்னால் கமலேஸ்வரி ரீச்சர் கொப்பிகளோடு வந்தார். ரீச்சருக்கு இல்லையென்று சொல்லப் பாக்கியரத்தினத்துக்கு இன்னும் கூச்சம். ஐந்து நிமிடத்தில் பின்பெட்டி வெறுமையாகிவிட்டது. கரை முழுக்கக் குடை, ஒவ்வொரு குடைக்குக் கீழும் மூன்று தலை.

அப்போதுதான் மழைக்குள்ளிருந்து பாதை வந்தது. முதலில் ஒரு வெள்ளைப் பலகை மட்டும் தண்ணீரின்மேல் தனியாக வருவதுபோல் இருந்தது. கிட்ட வர வரச் சிவப்பு எழுத்துகள் தெளிந்தன. கமலேஸ்வரி ரீச்சர், பிழை பிடிக்கும் குரலில், சத்தமாக வாசித்தார்:

"பாதை பிந்தும். மழை பிந்தாது. அன்னம் குடை."

வாசித்து முடித்துவிட்டு முகம் சுளிக்கவில்லை. ரீச்சர் முகம் சுளிக்காவிட்டால் அது பாராட்டு. மீன்காரி, மெய்தானே, வேறு என்ன எழுதுவது என்றாள். கரை சிரித்தது. எல்லாத் தலையும் பலகையைப் பார்த்தன, பிறகு தலைக்குமேல் இருந்த குடையைப் பார்த்தன, பிறகு பாக்கியரத்தினத்தைப் பார்த்தன.

அவர் சட்டைப் பையிலிருந்து ஆதம்பாவாவின் கடிதத்தை எடுத்தார். பாதையைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், தண்ணீரின் அகலத்தைக் கண்ணால் அளந்தார். உதடு அசைந்தது. கால், அரை, முக்கால், ஒன்று. ஏழு வரைக்கும் போய் நின்றார்.

"அப்ப வெள்ளிக்கிழம?"

"ஜும்ஆவுக்குப் பாதைய நிப்பாட்டுவாங்க சேர். ரெண்டு தரம் குறையும்."

பாக்கியரத்தினம் சிரிக்கத் தொடங்கினார். பாதை வந்து கரையில் முட்டியது, அவர் சிரித்தார். கார் அதில் ஏறியது, அவர் சிரித்தார். நடுக் களப்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கொழும்புக் கந்தோரில் மூன்று கிழமையாக நடந்ததைச் சொன்னார். வெள்ளிக்கிழமையில் அரை மைல் றோட்டு எங்கே போகிறது என்று ஒரு கந்தோரே மண்டையை உடைத்ததாம். கணக்காளர் வெள்ளம் என்றாராம், தட்டெழுத்துப் பெண் கடல் வற்றுப்பெருக்கு என்றாளாம். அந்த அரை மைலைப் பார்க்கத்தான் அவர் இத்தனை தூரம் வந்தாராம். ஒரு வருடத்துக்குப் பாதையின் இரு பக்கமும் அன்னம் குடைக்குத்தான், ஓடர் தபாலில் வரும் என்றார். இறங்கும்போது ஆதம்பாவாவின் தோளில் தட்டினார்.

"ஆக்கள் காத்து நிக்கிற வேற இடம் இருந்தா எழுதி அனுப்பும். ஆனா அந்த இடத்த ஊர்ல என்னெண்டு சொல்லுறது எண்டதையும் சேர்த்து எழுதும்."

அதன் பிறகு ஆதம்பாவா வாசலைப் பார்த்து உட்காரவில்லை. ஆட்கள் எங்கே காத்து நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு ஊர் சுற்றினான். எழுபதுகளில் பாணுக்கு விடிய விடிய வரிசை நின்றபோது, கூட்டுறவுக் கடைக்கு எதிர்ச் சுவரைக் காட்டி ஒரு சைக்கிள் கம்பனிக்கு எழுதினான். 'நடந்து வந்தவர் கடைசியில் நிற்கிறார்' என்று அங்கே எழுதிய மாதம் இரண்டு பேர் சைக்கிள் வாங்கினார்கள், மிச்சப்பேர் முறைத்தார்கள். ஜவாஹிர் முதலாளியும் ஆள் அனுப்பினார். பட்டினத்திலும் மூதூரிலும் கூப்பிட வேண்டியவர்கள் கூப்பிடத் தொடங்கினார்கள். ஆனாலும் கூப்பிடாத இடத்துக்குப் போவதில்தான் அவனுக்கு ருசி.

கந்தளாய்க் கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்றைக்கே, பாதையின் நடுவில் வைத்து, பாக்கியரத்தினம் அதைக் கேட்டு வாங்கி, நாலாய் மடித்து, எட்டாய் மடித்து, காகிதத் தோணியாக்கித் தண்ணீரில் விட்டார். அது பாதையை முந்திக்கொண்டு போய்க் கிண்ணியாக் கரையைத் தொட்டது. அன்று தொட்டு இன்றுவரை ஆதம்பாவா அந்தத் தொழிற்சாலை வாசலை மிதித்ததே இல்லை.

இந்த இடம் வரை என் பக்கத்தில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டு கேட்ட றுக்கியா, பாக்குவெட்டியைக் கீழே வைத்தாள்.

"மிதிக்காம எங்க போற? ஓடர் தபால்ல வரும் எண்டுதானே அந்த ஆள் செல்லிட்டுப் போன. வாயால செல்லுறதெல்லாம் ஓடரா? முதலாந் தேதி விடிய சோத்துப் பார்சலும் கட்டிக் குடுத்து நான்தான் பஸ்ஸில ஏத்தின. பதினொரு நாள் குழாய்க்குப் பச்சை அடிச்சவர். பன்னிரண்டாம் நாள் கொழும்புக் கடிதம் வந்திட்டு, வாங்க எண்டு ஆள் அனுப்பினன். மனிசன் உடன வரல்ல. கன்டீன்ல சனம் தேத்தண்ணிக்கு வரிசையில நிக்கிதாம், முன்னுக்கு நல்ல சுவர் ஒண்டு சும்மா கிடக்குதாம், அதக் கதைச்சு முடிச்சிட்டுத்தான் வருவாராம். மூணு நாள் கழிச்சித்தான் வந்தார், முழங்கை வரைக்கும் பச்சை."